கண் நரம்பில் நீர்: எங்கிருந்து வந்த நீர்?

"கண் நரம்பில் நீர் கோத்திருக்கிறது." விழித்திரைப் பிரிவுக்கு வருவோர் கையில் கொண்டுவரும் சீட்டுகளில் மிகுதியாகக் காணப்படும் சொற்றொடர் இதுவே. கோவில்பட்டியிலிருந்தும், எட்டயபுரம், விளாத்திகுளம், கயத்தாறு, கழுகுமலை, சாத்தூர்ப் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்தும் வருவோர் இதனை ஒரு நோயின் பெயராகவே எண்ணிக்கொள்கிறார்கள். உடன் வந்த மகனோ மருமகளோ அடுத்துச் சொல்வதும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும்: "அந்த நீர் வத்துறதுக்கு ஒரு ஊசியோ மாத்திரையோ குடுத்துருங்க ஐயா." கேட்பதில் குறையில்லை. ஆனால் நீர் கோத்தல் நோயின் பெயரன்று. பல நோய்கள் வந்து நிற்கும் பொதுவான இடம் அது. அவற்றுள் ஒன்றுக்கு மருந்தாக அமைவது மற்றொன்றுக்கு நஞ்சாக அமையக்கூடும். ஆகவே, நீரின் மூலத்தைப் படமெடுத்துப் பார்க்காமல் அதனை வற்றவைக்க மருந்து தருவதும், அவ்வாறு தருமாறு மருத்துவரை வற்புறுத்துவதும் கூடாது என்பது எங்கள் கருத்து. அதற்கான காரணங்களை நோயாளிகளும் அவர்களைப் பேணுவோரும் அறிந்திருப்பது நல்லது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

கரிசல் நிலத்தில் வாழ்வோருக்கு இதனை விளக்குவது எளிது. ஐப்பசி மழைக்குப் பின் புஞ்சையில் நீர் தேங்கி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். மேலிருந்து பெய்து, மண் உறிஞ்சாமல் நின்ற நீரா, அருகிலுள்ள கண்மாயின் கரை கசிந்து அடியிலிருந்து ஊறிவரும் நீரா என்று பார்க்காமல் எந்தச் சம்சாரியும் மண்வெட்டியை எடுப்பதில்லை. முன்னதற்கு வரப்பை வெட்டிவிட்டால் போதும். பின்னதற்கு வரப்பை வெட்டிப் பயனில்லை. கரையைப் பார்க்க வேண்டும்.

கண்ணிலும் இரண்டு அடுக்குகள் உள்ளன. ஒளியை உணர்ந்து மூளைக்கு அனுப்புவது விழித்திரை. மக்கள் 'கண் நரம்பு' என்று சொல்வது பெரும்பாலும் இதனையே. இதன் கனம் ஏறத்தாழ கால் மில்லிமீட்டர்தான். அதற்குக் கீழே ஒற்றை வரிசைச் செல்களால் ஆன நிறமிப் படலம் ஒன்று உண்டு. கசியும் நீரை ஓயாமல் கீழ்நோக்கி இறைத்துக்கொண்டிருக்கும் இறைவைப்பொறி அது. அதற்கும் கீழே, இரத்த நாளங்கள் பின்னிக்கிடக்கும் கோராய்டு என்னும் படலம் உள்ளது. எடைக்கு எடை ஒப்பிட்டால் உடலிலேயே மிக அதிக இரத்தம் பாயும் திசுக்களுள் இதுவும் ஒன்று. விழித்திரையின் உட்பகுதி தன் சொந்த நாளங்களிலிருந்து இரத்தம் பெறுகிறது. ஒளியை வாங்கும் வெளிப்பகுதியோ கோராய்டை நம்பியே வாழ்கிறது. எனவே விழித்திரையில் நீர் சேர்ந்தால் அது விழித்திரையின் சொந்த நாளங்கள் ஒழுகியதாலும் இருக்கலாம். கோராய்டு பெருத்து அழுத்தியதாலும் இருக்கலாம். இடையிலுள்ள நிறமிப் படலம் தளர்ந்ததாலும் இருக்கலாம். சிலருக்கு இவை ஒன்றன்மேல் ஒன்றாக அமைவதும் உண்டு. நோயாளிக்குத் தெரிவது மட்டும் எல்லாவற்றிலும் ஒன்றே: பார்வையின் நடுவே ஒரு நிழல், நேர்கோடு வளைந்து தெரிதல், எழுத்து சிறுத்துத் தெரிதல்.

டார்ச்சு வெளிச்சத்திலும் கண் உள்நோக்கியிலும் மருத்துவர் காண்பது மேற்பரப்பை. ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851-இல் உள்நோக்கியை அறிமுகப்படுத்திய நாள் முதல் நூறாண்டுகளுக்கு மேல் அதுவே போதும் என்றிருந்தது. பின்னர் 1961-இல் அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நோவாட்னி, ஆல்விஸ் என்னும் இரு மருத்துவ மாணவர்கள், கையில் உள்ள நரம்பில் ஃபுளோரசின் என்னும் சாயத்தை ஏற்றி, அது விழித்திரை நாளங்களில் ஓடுவதைப் படமெடுக்கும் முறையை வெளியிட்டார்கள். முதலில் சாயத்தை ஏற்றிக்கொண்டவர் ஆல்விஸே. இன்று கண் ஆஞ்சியோகிராம் என்று நாம் சொல்வது இதுதான். இதய ஆஞ்சியோகிராம் போன்று குழாய் செலுத்தும் சிகிச்சை இதிலில்லை. பெயரைக் கேட்டே அஞ்சித் திரும்பிச் சென்றோர் உண்டு என்பதால் இதனைச் சொல்லிவைக்கிறோம்.

ஃபுளோரசின் சாயத்திற்கு ஓர் எல்லை உண்டு. நீல ஒளியில் ஒளிரும் அச்சாயத்தின் ஒளியை நிறமிப் படலம் மறைத்துவிடுகிறது. மேலும் கோராய்டின் நுண்ணாளங்களிலிருந்து அது எளிதில் கசிந்து மூடுபனிபோல் பரவிவிடுகிறது. ஆகவே விழித்திரை தெளிவாகத் தெரியும். அதன் அடியில் உள்ளது தெரியாது. அந்தக் குறையை நிரப்புவது ஐ.சி.ஜி. எனப்படும் பச்சைச் சாயம். இது இரத்தப் புரதங்களுடன் இறுகப் பிணைந்து நாளத்துக்குள்ளேயே பெரும்பாலும் தங்கும். கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியில் ஒளிர்வதால் நிறமியை ஊடுருவி வெளிவரும். கோராய்டின் நாளங்கள் கிளைகிளையாகத் தெரிவது இப்படத்தில்தான்.

மூன்றாவது, சாயமே தேவைப்படாத ஓ.சி.டி. ஸ்கேன். அமெரிக்காவில் ஃபுஜிமோட்டோ, ஹுவாங், ஸ்வான்சன் ஆகியோரும் உடன் பணியாற்றியோரும் 1991-இல் வெளியிட்ட இம்முறை, ஒலியலையைக் கொண்டு வயிற்றை ஸ்கேன் செய்வதுபோல ஒளியலையைக் கொண்டு விழித்திரையைக் குறுக்குவெட்டாகக் காட்டுகிறது. இன்றைய கருவிகள் ஒரு மில்லிமீட்டரின் இருநூற்றில் ஒரு பங்களவு நுண்மையையும் பிரித்துக்காட்ட வல்லவை. மூவருக்கும் 2023-இல் லாஸ்கர் விருது வழங்கப்பட்டது. தொடக்கத்தில் இக்கருவியும் கோராய்டைத் தெளிவாகக் காட்டவில்லை. படமெடுக்கும் முறையில் செய்த ஒரு சிறு மாற்றத்தால் அதன் முழு ஆழத்தையும் காணலாம் என 2008-இல் ஸ்பெய்டு என்னும் மருத்துவரும் அவருடைய குழுவினரும் காட்டினர். அதாவது, கோராய்டின் கனத்தை அளந்து நோயைப் பிரித்தறியும் வழக்கம் மிக அண்மைக்காலத்தது. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் ஒரே பெயரில் அழைக்கப்பட்ட சில கண்கள் இன்று வெவ்வேறு பெயர்களில் பிரிவதற்கு இதுவே காரணம். "முன்ன பார்த்த டாக்டர் வேற பேரு சொன்னாரே" என்று குழம்புவோர் இதனை நினைவில் கொள்வது நல்லது.

இனி, உயிர்நிலையான இடத்திற்கு வருவோம். நாற்பது வயதை ஒட்டிய ஒருவருக்குத் திடீரெனப் பார்வை மங்குகிறது; விழித்திரைக்கு அடியில் நீர் தெரிகிறது; ஓ.சி.டி.யில் கோராய்டு பெருத்திருக்கிறது. இது சி.எஸ்.சி. எனப்படும் நீர்க்கொப்புள நோயாக இருக்கலாம். வி.கே.எச். எனப்படும் கோராய்டு அழற்சியாகவும் இருக்கலாம். வோக்ட், கோயனாகி, ஹரடா என்னும் மூன்று மருத்துவர்களின் பெயரால் வழங்கும் நோய் அது. இரண்டிலும் நீர் உண்டு. இரண்டிலும் கோராய்டு தடித்திருக்கும். ஆனால் பின்னதற்கு உயர்ந்த அளவில் ஸ்டீராய்டு மருந்தை உடனே தொடங்கி, பல மாதங்கள் படிப்படியாகக் குறைக்க வேண்டும்; தாமதித்தால் பார்வை நிலையாகக் கெடும். முன்னதற்கோ ஸ்டீராய்டே பகை. அந்நோய் வருவதற்கும், வந்தது முற்றுவதற்கும் ஸ்டீராய்டு காரணமாகிறது என்பது உறுதிப்பட்ட செய்தி. ஒரே தோற்றம், நேரெதிரான மருத்துவம். பிழையான பக்கத்தில் மருந்து தொடங்கினால் ஒருவர் தம் பார்வையையே விலையாகக் கொடுக்க நேரும்.

பிரித்தறிவது எங்ஙனம்? வி.கே.எச். பெரும்பாலும் இரு கண்களையும் ஒருங்கே தாக்கும். தலைவலி, காதில் இரைச்சல் முன்னால் வரலாம். மாதங்கள் கழித்துத் தோலிலும் இமைமயிரிலும் வெண்மை படரலாம். ஓ.சி.டி.யில் நீர் அறை அறையாகப் பிரிந்தும், நிறமிப் படலம் அலையலையாக நெளிந்தும் தெரியும். ஃபுளோரசின் படத்தில் ஊசிமுனை போன்ற எண்ணற்ற கசிவுகள் காணப்படும்; பார்வை நரம்பின் தலைப்பகுதியிலும் சாயம் ஒழுகும். சி.எஸ்.சி.யில் ஓரிரு கசிவுகளே இருக்கும். அவை மைத்துளி பரவுவதுபோலவோ, புகைக்கூண்டிலிருந்து புகை எழுவதுபோலவோ விரியும். ஒரு படம் மட்டும் ஐயத்துக்கு இடம் தரலாம். இரண்டு படங்களும் நோயாளி சொல்லும் வரலாறும் ஒன்றுகூடினால் ஐயம் பெரும்பாலும் நீங்கும். காசநோய்க் கிருமியாலும் கோராய்டு அழற்சி ஏற்படுவதுண்டு; அதற்குக் காசநோய் மருந்தின்றி ஸ்டீராய்டு மட்டும் தொடங்குவது எரியும் நெருப்பைச் சாம்பலால் மூடிவைப்பது போன்றது. மார்புப் படமும் இரத்தப் பரிசோதனையும் ஏன் கேட்கிறார்கள் என்று வியப்போருக்கு இதுவே விடை.

'வரலாறு' என்று எழுதினோம். படங்களுக்கு ஈடான எடை அதற்குண்டு. இந்த வட்டாரத்தில் அது பெரிதும் மறைந்தே கிடக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஸ்டீராய்டு சாப்பிடுகிறீர்களா என்று கேட்டால் பெரும்பாலோர் இல்லை என்றே சொல்கிறார்கள். பொய் சொல்வதில்லை, அவர்களுக்குத் தெரியாது. களையெடுத்தும் பருத்தி எடுத்தும் தேய்ந்த மூட்டுக்கு மருந்துக்கடையில் சீட்டின்றி வாங்கிய 'வலி மாத்திரை'ப் பொட்டலத்தில் பெயரில்லாத சிறு வெள்ளை மாத்திரை ஒன்று இருக்கும். முழங்காலில் போட்ட ஊசி, இழுப்புக்கு உறிஞ்சும் மருந்து, அரிப்புக்குப் பூசும் களிம்பு, முகம் வெளுக்கப் பூசும் கிரீம், எதைத் தின்றாலும் மூன்றே நாளில் குணமாக்கும் 'பொடி' ஆகிய எதிலும் ஸ்டீராய்டு இருக்கலாம். ஆகவே எதையும் நீங்களே சலித்துப் பிரிக்க வேண்டாம். வீட்டில் உள்ள மாத்திரை அட்டை, களிம்புக் குழாய், உறிஞ்சி எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். பல இலட்சம் பெறுமான கருவி சொல்லாததை அந்தத் துணிப்பை சொல்லிவிடுவதுண்டு. இன்னொன்று: மூச்சுத்திணறலுக்கு உறிஞ்சும் மருந்தையோ, நெடுநாள் உண்டுவந்த ஸ்டீராய்டையோ கண்ணுக்கு அஞ்சித் தாமாக நிறுத்திவிடக் கூடாது, அது உயிருக்கே இடர் தரும். குறைப்பதும் மாற்றுவதும் அதனை எழுதித்தந்த மருத்துவரோடு பேசிச் செய்ய வேண்டியவை.

சி.எஸ்.சி. என்று உறுதியானபின் பெரும்பாலும் நாங்கள் சொல்லும் அறிவுரை, மூன்று நான்கு மாதம் பொறுத்திருங்கள் என்பதே. மிகுதியானோருக்கு நீர் தானே வற்றிவிடும். ஒரு பகுதியினருக்கு மீண்டும் வரும். இந்தப் பொறுத்திருத்தலை நோயாளிகள் விரும்புவதில்லை. நூறு கிலோமீட்டர் பயணம் செய்து, ஒருநாள் கூலியை இழந்து வந்தவரிடம் மருந்தேதும் இல்லை என்பது பொறுப்பற்ற விடையாகத் தோன்றுவது இயல்பே. ஏதாவது எழுதித் தந்தால் அவர் மனம் அமைதியடையும் என்பதும் உண்மை. ஆயினும் மன அமைதிக்காக மாத்திரை எழுதுவதை நாங்கள் ஏற்கவில்லை. இந்நோய்க்கு எப்ளெரெனோன் என்னும் மாத்திரை உலகெங்கும் பரவலாகத் தரப்பட்டு வந்தது. இங்கிலாந்தில் 114 நோயாளிகளிடம் முறையாக நடத்திய ஆய்வு, வெற்று மாத்திரையைவிட அது மேலானதன்று என்று 2020-இல் காட்டிற்று. நீர் வற்றாதவர்களுக்கு ஒளிமருந்துச் சிகிச்சை போன்ற வழிகள் உண்டு. அவர்கள் யார் என்பதைக் காட்டுவதும் அடுத்தடுத்து எடுக்கும் ஓ.சி.டி. படங்களே. "போன மாசம் எடுத்ததுதானே, மறுபடி எதுக்கு?" என்னும் கேள்விக்கு விடை இதில் உள்ளது. முதற்படம் நோயைக் காட்டுகிறது. இரண்டாம் படம் அது போகும் திசையைக் காட்டுகிறது.

ஐம்பதைக் கடந்தவர்களிடம் சிக்கல் வேறு வகையானது. அவர்களுக்கு நீரோ இரத்தக்கசிவோ கண்டால் 'வயது முதிர்வு மாக்குலா நோய்' என்று எழுதிவிட்டுக் கண்ணுக்குள் ஊசி போடத் தொடங்குவது எளிது. ஆனால் நம்மைப் போன்ற ஆசிய மக்களிடம் அத்தகைய கண்களில் கணிசமானவை பி.சி.வி. என்னும் மற்றொரு நோயைக் கொண்டவை. கோராய்டின் நாளக்கிளைகள் நுனியில் திராட்சைக்கொத்துபோல் புடைத்து, அவை கசிவதே அந்நோய். 1990-இல் யனூசி என்னும் அமெரிக்க மருத்துவர் இதனைத் தனி நோயாக விரித்தெழுதினார். சிலருக்கு ஊசி மட்டும் போதும். சிலருக்கு ஒளிமருந்துச் சிகிச்சையைச் சேர்க்க வேண்டும். மாதந்தோறும் ஊசிக்கு வந்தும் நீர் குறையாத முதியவரின் குடும்பத்தார், "இது பி.சி.வி.யாக இருக்குமா என்று பார்த்தீர்களா?" எனக் கேட்பதில் தவறே இல்லை. அக்கேள்வியால் சினங்கொள்ளும் மருத்துவர் அதிகம் இருக்கமாட்டார் என்று நம்புகிறோம்.

பி.சி.வி.யை உறுதிசெய்ய ஐ.சி.ஜி. படமே அளவுகோல். ஆனால் அந்தக் கருவியும் சாயமும் பெருநகர மருத்துவமனைகளில்தான் எளிதில் கிடைக்கின்றன. அதனால் கரிசல்காட்டு முதியவர் ஒவ்வொருவரையும் மதுரைக்கோ திருநெல்வேலிக்கோ அனுப்ப வேண்டுமா? வேண்டாம் என்கிறோம். ஓ.சி.டி.யில் மட்டும் காணும் மூன்று அடையாளங்களைக் கொண்டு பெரும்பாலான பி.சி.வி.யைக் கண்டுபிடித்துவிடலாம் என ஆசிய-பசிபிக் பகுதி வல்லுநர்கள் 2021-இல் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. சிறு நகரங்களுக்கு இது நல்ல செய்தி. அவ்வடையாளங்களைத் தேடிப் பார்க்கத் தெரிந்த கண் அங்கே இருக்க வேண்டும். இல்லையேல் படத்தை இணையவழியில் அத்தகைய ஒருவருக்கு அனுப்பும் ஏற்பாடாவது இருக்க வேண்டும். ஊர்தோறும் ஒரு கருவி வேண்டும் என்று மேடைகளில் கேட்கப்படுகிறது. படத்தைப் படிப்பவரை நியமிக்காமல் கருவியை மட்டும் வாங்கிவைப்பது, மோட்டார் பொருத்திவிட்டு மின்னிணைப்பு வாங்காத கிணறு போலத்தான் முடியும்.

சர்க்கரை நோயாளிகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர் என்று தெரிந்தவுடன் கண்ணில் காணும் எல்லாவற்றையும் அதன் கணக்கிலேயே எழுதிவிடும் பழக்கம் மருத்துவருக்கும் உண்டு, குடும்பத்தாருக்கும் உண்டு. சர்க்கரையால் வரும் நீர் பெரும்பாலும் விழித்திரையின் உள்ளடுக்குகளில் பஞ்சில் ஊறியதுபோல் நிற்கும். உள்ளே ஏதுமின்றி அடியில் மட்டும் நீர் தேங்கியிருந்தால் வேறு காரணத்தையும் தேட வேண்டும். இரத்தக் கொதிப்பு மிக உயர்ந்தாலோ, சிறுநீரகம் பழுதுற்றாலோ, கருவுற்ற பெண்ணுக்குக் கொதிப்பு ஏறினாலோ கோராய்டின் நாளங்கள் சுருங்கி விழித்திரைக்கு அடியில் நீர் சேரும். கொதிப்பைக் கட்டுப்படுத்தினால் அந்நீர் வற்றும். கண்ணில் ஊசி போட்டுப் பயனில்லை. அங்கே தேவைப்படும் முதற்கருவி கையில் கட்டும் இரத்த அழுத்தப் பட்டைதான்! கண் மருத்துவமனையில் ஏன் இரத்த அழுத்தம் பார்க்கிறார்கள் என்று முகஞ்சுளிப்போர் கவனிக்க.

கண் மருத்துவத்தில் இந்த மண்ணுக்குப் பெருமைக்குரிய தொடர்பு ஒன்றுண்டு. எட்டயபுரத்தை அடுத்த வடமலாபுரத்தில் 1918-இல் பிறந்த டாக்டர் கோ. வெங்கடசாமி, அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் 1976-இல் மதுரையில் பதினோரு படுக்கைகளுடன் தொடங்கியதே அரவிந்த் கண் மருத்துவமனை. ஊர்தோறும் முகாம் நடத்தி, கண்புரை உள்ளோரைப் பேருந்தில் ஏற்றிச் சென்று, அறுவை செய்து, மீண்டும் ஊரில் கொண்டுவந்து விடும் முறை அவர்கள் காலத்தில் வேரூன்றியது. இன்று நம் கிராமங்களில் கண்புரையால் மூலையில் முடங்கிக் கிடக்கும் முதியோரைக் காண்பது அரிதாகியிருப்பதில் அம்முகாம்களுக்குப் பெரும்பங்குண்டு. ஆனால் அந்த வெற்றி நம் மனத்தில் ஒரு பழக்கத்தையும் விதைத்துவிட்டது. கண்நோய் என்றால் ஒருமுறை பார்ப்பார்கள், ஒருமுறை அறுவை செய்வார்கள், மறுநாள் கட்டைப் பிரித்தால் உலகம் தெரியும் என்னும் எதிர்பார்ப்பே அது. கண்புரையைப் பந்தலில் அமர்ந்து டார்ச்சு விளக்கால் கண்டுபிடிக்கலாம். கோராய்டின் நோய் டார்ச்சுக்கு அகப்படாது. அதற்குப் பலமுறை வர வேண்டும், படம் எடுக்க வேண்டும், பழைய படத்தோடு புதியதை வைத்துப் பார்க்க வேண்டும். முகாமுக்குப் பழகிய ஊர் இதற்கும் பழக வேண்டியிருக்கிறது.

கணினியே படத்தைப் படித்துவிடும் என்ற செய்தியையும் பலர் கேட்டிருப்பீர்கள். சர்க்கரை நோயால் விழித்திரை கெடுவதை வண்ணப் புகைப்படத்திலிருந்து கண்டறியும் செயற்கை நுண்ணறிவு பற்றிக் கூகுள் ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட ஆய்வில் அரவிந்த், சங்கர நேத்ராலயா, நாராயண நேத்ராலயா ஆகிய இந்திய மருத்துவமனைகளின் படங்களும் பயன்பட்டன. அது நல்ல கருவி. சர்க்கரை நோயாளிகள் ஆண்டுக்கு ஒருமுறையேனும் அவ்வாறு படமெடுத்துக்கொள்வதை வரவேற்கிறோம். எனினும், சர்க்கரையின் அடையாளங்களைத் தேடக் கற்ற கணினி அதைத்தான் தேடும். "கோளாறு இல்லை" என்று அது சொன்னால் சர்க்கரைக் கோளாறு இல்லை என்று மட்டுமே பொருள். பார்வை மங்கியிருப்பவர் அந்தச் சீட்டை நம்பி வீட்டில் இருந்துவிடக் கூடாது.

எல்லோருக்கும் எல்லாப் படமும் எடுக்க வேண்டும் என்று நாங்கள் சொல்வதாக யாரும் கொள்ள வேண்டாம். அது வேறொரு தீமை. தீப்பெட்டி ஆலையில் கூலிவேலை செய்பவர் ஒருநாள் வரவில்லையென்றால் அந்நாள் கூலி இல்லை. பாவையை விரிக்கும் சொட்டுமருந்து போட்டபின் தனியே பேருந்தேற இயலாதென்பதால் துணைக்கு வருபவரின் கூலியும் போகிறது. ஆகவே ஒவ்வொரு பரிசோதனைக்கும் முன்னர், "இதனால் எந்த ஐயம் தீரும்?" என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. விடை இரண்டு வாக்கியத்தில் வர வேண்டும். முடிவு எதுவானாலும் மருத்துவம் மாறப்போவதில்லையென்றால் அப்பரிசோதனை தேவையில்லை. எடுக்க வேண்டியவற்றை இயன்றவரை ஒரே நாளில் முடித்துத் தருவது மருத்துவமனைகளின் கடமை. தொலைவிலிருந்து வருவோருக்கு முற்பகலிலேயே முன்னுரிமை தர வேண்டும் என்பதும் எங்கள் கோரிக்கை.

அதைவிட வலியுறுத்த வேண்டியது, எடுத்த படங்கள் யாருடையவை என்பது. ஓரிடத்தில் எடுத்த ஆஞ்சியோகிராமை மற்றோரிடத்தில் மீண்டும் எடுக்க நேர்வதற்குப் பெரும்பாலும் காரணம், நோயாளியின் கையில் கறுப்புவெள்ளை நகல் மட்டும் இருப்பதே. சாயம் ஓடும் வரிசையும் நேரமும் அதில் தெரியாது, ஓ.சி.டி.யின் பல வெட்டுகளுள் ஒன்றே அதில் இருக்கும். பணம் கட்டியவரும் கையை நீட்டிச் சாயம் ஏற்றிக்கொண்டவரும் நோயாளி. முழுப் படத்தொகுப்பும் அவருக்கே உரியது. கேட்காமலே தரப்பட வேண்டும் என்பது எங்கள் நிலைப்பாடு. பென் டிரைவிலோ குறுந்தகட்டிலோ கேட்டு வாங்குங்கள். இயலாவிடில் கணினித் திரையில் படங்கள் ஓடும்போது கைப்பேசியில் படம்பிடித்துக்கொள்ள அனுமதி கேளுங்கள். நாளும் தேதியும் எழுதி, ஒரே கோப்பில் வரிசையாக வையுங்கள். ஐந்தாண்டுக்கு முன் எடுத்த பழைய படம் ஒன்று, அடுத்த ஐந்தாண்டு மருத்துவத்தையே மாற்றும் வாய்ப்பு உண்டு.

சாயம் ஏற்றும் நாளுக்கான சில செய்திகள். ஃபுளோரசின் ஏற்றியபின் தோல் சில மணிநேரம் மஞ்சளாகவும், சிறுநீர் ஒருநாள் வரை ஆழ்ந்த மஞ்சளாகவும் இருக்கும். காமாலை என்று அஞ்ச வேண்டாம். சிலருக்கு ஓரிரு நிமிடம் குமட்டல் வரும். உடல் தடிப்பு, மூச்சுமுட்டல் போன்ற கடும் ஒவ்வாமை அரிது, ஆயினும் வரக்கூடியது. ஆகவே முன்னர் எந்த மருந்துக்கேனும் ஒவ்வாமை வந்திருந்தால் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஐ.சி.ஜி. சாயத்தில் அயோடின் உண்டு; அயோடின் ஒத்துக்கொள்ளாதவர்கள் அதனைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். கருவுற்றிருப்போரும், பாலூட்டுவோரும், சிறுநீரகம், கல்லீரல் கோளாறு உள்ளோரும் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். இருசக்கர வண்டியை அன்று ஓட்டி வர வேண்டாம்.

பொறுத்திருக்கச் சொல்லப்பட்டவர்கள் வீட்டிலிருந்தே செய்யக்கூடிய சோதனை ஒன்றுண்டு. காலையில் வழக்கமான கண்ணாடியை அணிந்துகொண்டு, ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடி, மற்றக் கண்ணால் சன்னல் கம்பிகளையோ மாதநாட்காட்டியின் கட்டங்களையோ பாருங்கள். பின் கண்ணை மாற்றிப் பாருங்கள். முன்பு நேராகத் தெரிந்த கோடு வளைந்தாலோ, ஒரு கட்டம் காணாமற்போனாலோ, இருந்த நிழல் பெருத்தாலோ குறித்த தேதிக்காகக் காத்திராமல் ஓரிரு நாளில் வந்துவிடுங்கள். வரும்போது பழைய படங்களின் கோப்பையும் அந்தத் துணிப்பையையும் மறக்காமல் எடுத்துவாருங்கள்.